கோமதி குனிந்ததைப் பார்த்த கேமரா

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை, வெள்ளகோவில் மெயின் ரோட்டில், ஓடிக்கொண்டிருந்த காருக்குள் என் மனைவி கோமதி திடீரென்று குனிந்துகொண்டாள்.

எதையும் தேடவில்லை. மயக்கமும் இல்லை. டேஷ்போர்டுக்குக் கீழே தலையைக் கொண்டுபோய் வைத்துக்கொண்டு, "நீங்களும் குனிஞ்சுக்குங்க" என்றாள்.

"நான் குனிஞ்சா வண்டிய யாரு ஓட்டறது?" என்று கேட்டேன்.

நியாயமான கேள்விதான். ஆனால் இந்தக் கேள்வியை இன்று எங்கள் சொந்தபந்தம் முழுக்க மனப்பாடமாகச் சொல்கிறது. காரணம், அதற்குக் கொஞ்ச நாள் முன்னால் நான் காரில் மாட்டிவைத்த டேஷ் கேம்.

'காரில் கேமரா வைக்கலாமா? அதனால் பிரயோஜனம் உண்டா?' என்று வாசகர்கள் சிலர் கேட்டிருந்தீர்கள். போன வருடம் ஏர் ஃப்ரையர் பற்றி நான் எழுதியதை நம்பி வாங்கியவர்களும் மறுபடி என்னிடமே கேட்கிறீர்கள்... உங்கள் பெருந்தன்மைக்கு நன்றி. பதில் சொல்கிறேன். ஆனால் ஒரே வார்த்தையில் சொல்ல முடியாது. நடுவில் ஒரு கல்யாணம் வருகிறது.

முதலில், ஏன் வாங்கினேன்?

சிங்காநல்லூர் சிக்னலில் நின்றுகொண்டிருந்தேன். முன்னால் நின்ற வேன் மெதுவாகப் பின்னால் உருண்டு வந்து என் காரை முட்டியது. வேன்காரர் இறங்கி வந்தார். நெற்றி நிறையத் திருநீறு. முகத்தில் கோபமே இல்லை, வருத்தம்தான் இருந்தது.

"ஏனுங்க சார், நின்னுட்டிருக்கற வண்டி மேல கொண்டாந்து உட்டுட்டீங்களே?"

"நீங்கதானுங்க பின்னால வந்து இடிச்சீங்க."

"நானுங்களா? நான் எதுக்குங்க பின்னால வாரேன்? நான் போறது உக்கடமுங்க."

வாதம் பலமாகத்தான் இருந்தது. உக்கடம் முன்னால்தான் இருக்கிறது. கொஞ்ச நேரம் இருவரும் மரியாதை குறையாமல் சண்டை போட்டோம். வெளியூர்க்காரர் யாராவது பார்த்திருந்தால், ஏதோ சம்பந்தம் பேசுகிறோம் என்று நினைத்திருப்பார். கடைசியில் டீக்கடையில் நின்ற ஒரு பெரியவர் வந்து, "ரெண்டு பேருமே நல்ல மனுசங்களாட்டத் தெரியறீங்க. உட்டுப்போட்டுப் போங்க" என்று தீர்ப்புச் சொன்னார். நல்ல மனுஷனாகவே போய், பம்பரை நானே சரிசெய்துகொண்டேன்.

"டேஷ் கேம் இருந்திருந்தா இந்த வம்பே இல்லப்பா" என்றாள் மகள் கீர்த்தனா. சரவணம்பட்டியில் ஐடி வேலை. வாழ்க்கையின் எந்தக் கஷ்டத்துக்கும் அவளிடம் சார்ஜ் போடுகிற மாதிரி ஒரு சாமான் இருக்கும்.

நூறடி ரோட்டில் ஒரு கார் ஆக்சஸரீஸ் கடை. சேல்ஸ்மேன் கேமராவை முன்கண்ணாடியில் ஒட்டிவிட்டு விளக்கினார். வைட் ஆங்கிள் — ரோட்டின் இரண்டு ஓரமும் தெரியும். கீழே தேதி, மணி, வேகம் எல்லாம் வரும். வண்டி ஸ்டார்ட் ஆனால் அதுவும் ஸ்டார்ட். வண்டி ஆஃப் ஆனால் அதுவும் தூங்கிவிடும். உள்ளே நாம் பேசுவதும் பதிவாகும்.

"இது மனுசனாட்ட இல்லீங் சார். பாத்ததப் பாத்தபடி சொல்லும். கேமரா பொய் சொல்லாதுங்க."

எனக்கு அந்த வாசகம் பிடித்திருந்தது. வீட்டில் இரண்டு மூன்று முறை சொல்லிப் பார்த்தேன்.

கோமதிக்குத்தான் பிடிக்கவில்லை. "எந்நேரமும் ஒருத்தரு ஒட்டுக்கேட்டுட்டே வாராப்புல இருக்குதுங்க" என்றாள்.

"நாம பேசறத யாரு எடுத்துக் கேக்கப்போறா?" என்றேன். கேட்டவர்களின் பட்டியல் பின்னால் வருகிறது.

அடுத்த சில வாரங்கள் பெரிய ஏமாற்றம். யாருமே வந்து இடிக்கவில்லை! சாயங்காலம் உட்கார்ந்து போட்டுப் பார்த்தால், லாரிகளின் பின்பக்கம், சிக்னல், மறுபடி லாரி, நடுவில் நான் கொட்டாவி விடுகிற சத்தம். காப்பீடு எடுத்தவன் விபத்துக்கு ஏங்குவது மாதிரி ஒரு நிலைமை. நானும் மிக ஒழுங்காக ஓட்ட ஆரம்பித்திருந்தேன். மஞ்சள் விளக்குக்கே நின்றேன். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்தார்கள். அதுவும் பதிவானது.

இதற்கிடையில் கீர்த்தனாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது.

எங்கள் பக்கத்தில் கல்யாணப் பத்திரிகையைத் தபாலில் போட்டால் அது அழைப்பு இல்லை, தகவல். புருஷனும் பெண்டாட்டியுமாகப் போய், தட்டில் வெற்றிலை பாக்கு பழம் வைத்து, கையில் கொடுத்தால்தான் அழைத்ததாகக் கணக்கு. குலதெய்வத்துக்கு வைத்த பிறகு, முதல் பத்திரிகை பெண்ணின் தாய்மாமனுக்கு. ஏனென்றால் பெண்ணைக் கையைப் பிடித்து மணமேடைக்குக் கூட்டிவருவது அவர். நெற்றியில் பட்டம் கட்டுவதும் அவர். அப்பா என்று ஒருவன் அன்றைக்கு மண்டபத்தில் இருப்பான்... பந்தியில் சாம்பார் போதுமா என்று பார்த்துக்கொண்டிருப்பான்.

கீர்த்தனாவின் தாய்மாமன் கோமதியின் அண்ணன். எனக்கு மச்சான். வெள்ளகோவிலில் தேங்காய் வியாபாரம். மெயின் ரோட்டை ஒட்டி வீடு, வீட்டை ஒட்டிக் களம். களம் முழுக்கத் தேங்காய்ப் பருப்பு, அதாவது கொப்பரை, காய்ந்துகொண்டிருக்கும். கோமதிக்கு அப்பா அம்மா போய் வெகு நாள் ஆகிறது. கூடப்பிறந்தது இந்த ஒருவர்தான். பிறந்த வீடு என்று அவள் சொன்னால் அது இந்த வாசல்தான்.

வெள்ளிக்கிழமை காலை கிளம்பினோம். பத்து மணிக்குள் மச்சான் வீடு, பத்தரைக்கு ராகு காலம் தொடங்குவதற்குள் பத்திரிகை வைத்தாகிவிடும் என்று திட்டம். சூலூர் தாண்டியதும், "ஏனுங்க, குங்குமச்சிமிழ் எடுத்து வெச்சீங்களா?" என்றாள் கோமதி.

நான் எடுத்து வைக்கவில்லை. அவளும் வைக்கவில்லை.

"சூலூர்லயே ஒண்ணு வாங்கிக்கலாமே?"

"எங்கம்மா குடுத்த சிமிழ் இல்லாம எங்கண்ணனுக்குப் பத்திரிகை வெக்கறதுங்களா?"

வண்டியைத் திருப்பினேன். வீட்டுக்கு வந்து சிமிழை எடுத்துக்கொண்டு மறுபடி கிளம்பி, பல்லடம், காங்கேயம் தாண்டி வெள்ளகோவிலுக்குள் நுழையும்போது மணி பத்தே முக்கால். வெள்ளிக்கிழமை ராகு காலம் பன்னிரண்டு வரை.

"பரவால்ல, உள்ள போய் உக்காந்திருக்கலாம். பன்னெண்டுக்கு மேல தட்டக் குடுத்துக்கலாம்" என்றேன்.

"பத்திரிகையோட வாசப்படி மிதிச்சாலே கணக்குதானுங்க. நேரா போங்க. ஊரு தாண்டி அக்கட்டால போய் நின்னுட்டு, பன்னெண்டு தாண்டித் திரும்பி வந்துக்கலாம். இந்நேரத்துக்கு அண்ணன் உள்ளதான் இருப்பாரு."

அண்ணன் உள்ளே இல்லை. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் கேட்டுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். தங்கச்சி வருகிறாள் என்று காலையிலிருந்தே நின்றிருக்கிறார் போல. எங்கள் காரைப் பார்த்ததும் முகம் மலர்ந்து கையைத் தூக்கினார்.

அப்போதுதான் கோமதி குனிந்தாள். அப்போதுதான் நான் அந்தக் கேள்வியைக் கேட்டேன். கேட்டுவிட்டு, ரோட்டை மட்டுமே பார்க்கும் உத்தமமான டிரைவராக நேராகப் பார்த்து ஓட்டினேன்.

வீட்டைத் தாண்டிய உடனே, ராங் சைடில் ஒரு மொபெட் வந்தது. ஓட்டி வந்தவர் பின்சீட்டில் நீளமான பிவிசி பைப்புகளைக் குறுக்கே வைத்துக் கட்டியிருந்தார். ரோட்டின் அகலமும் பைப்பின் அகலமும் ஏறக்குறைய ஒன்று. நான் பிரேக்கை மிதித்த மிதியில் பின்சீட்டிலிருந்த வாழைப்பழத் தட்டு கீழே சரிந்தது. மயிரிழையில் தப்பினோம். அவர் என்னைப் பார்த்து, பார்த்துப் போகும்படி கை காட்டிவிட்டுப் போய்விட்டார்.

கரூர் ரோட்டில் கொஞ்ச தூரம் போய் ஒரு பேக்கரி வாசலில் வண்டியை நிறுத்தினேன். டீ குடித்தோம். தேங்காய் பன் சாப்பிட்டோம். மறுபடி டீ குடித்தோம். பேக்கரிக்காரர், "ஏனுங்க, வண்டி ஏதாச்சும் ரிப்பேருங்களா?" என்று விசாரித்தார். ராகு காலம் என்றேன். ஒத்துக்கொண்டு தலையாட்டினார்.

பன்னிரண்டு தாண்டித் திரும்பி வந்தோம். கேட் சாத்தியிருந்தது. ஹாரன் அடித்ததும் மச்சான் உள்ளேயிருந்து வந்து திறந்தார்.

"இப்பத்தான் வாரீங்களா அம்மணி?"

"ஆமாங்கண்ணா. நேரா இங்கதான் வாரோம்."

"வெயில்ல வந்திருக்கறீங்க. முதல்ல மோரக் குடிங்க. வாங்க மாப்ள."

அவ்வளவுதான். வேறொன்றும் கேட்கவில்லை. தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். பத்திரிகையில் தன் பெயர் இருந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். சாப்பிடாமல் விடவில்லை. கிளம்பும்போது டிக்கி நிறையத் தேங்காய்.

இதோடு நான் சும்மா இருந்திருக்கலாம். இருந்தேனா?

ஞாயிற்றுக்கிழமை கேமராவைப் போட்டுப் பார்த்தேன். மொபெட் விவகாரம் அருமையாகப் பதிவாகியிருந்தது! இத்தனை நாள் லாரி முதுகு பார்த்த கேமராவுக்கு முதல் வேட்டை. சத்தத்தைக் குறைத்துவைத்துத்தான் பார்த்தேன் — டிவியில் கோமதியின் சீரியல் ஓடிக்கொண்டிருந்தது. படத்திலும் மொபெட்டைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. அந்த ஒரு நிமிடத்தை அப்படியே எடுத்து எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். குரூப்பின் பெயர் 'ஒறம்பரை'. எங்கள் பக்கம் உறவுக்காரர்களை அப்படித்தான் சொல்வோம். கீழே ஒரு வரியும் எழுதினேன்: 'டேஷ் கேம் ஏன் அவசியம் என்று பாருங்கள்!'

பார்த்தார்கள்.

ஒருவர்கூட மொபெட்டைப் பார்க்கவில்லை. வைட் ஆங்கிள் அல்லவா... இடது ஓரத்தில் களம், கேட், கேட்டுக்கு முன்னால் கையைத் தூக்கியபடி மச்சான். கூடவே துல்லியமாகக் கோமதியின் குரல், அப்புறம் என் கேள்வி. கீழே தேதி, மணி, வேகம். வேகம்தான் ரொம்பக் கேவலம். மச்சானைத் தாண்டும்போது கூடியிருந்தது.

முதல் பதில் மதுக்கரை சித்தப்பாவிடமிருந்து வந்தது. ரிட்டையர் ஆனவர். குரூப்பில் வருகிற எதையும் இரண்டு தடவை பார்ப்பவர்.

'ஏனுங்க, இது வெள்ளகோவில் ஊடுதானுங்களே?'

பிறகு ஆளாளுக்கு. 'குனிஞ்சுக்கறது யாருங்க?' 'வண்டிய யாரு ஓட்டறதுன்னு முடிவாச்சுங்களா?' சிரிக்கிற பொம்மைகள் வரிசையாக.

கோமதி சமையலறையிலிருந்து போனும் கையுமாக வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"என்னங்க செஞ்சுபோட்டீங்க?"

உடனே அழித்தேன். அதுதான் அடுத்த தப்பு. 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்று எல்லாருக்கும் காட்டியது. அதுவரை பார்க்காதவர்களும் சித்தப்பாவிடம் கேட்டு வாங்கிப் பார்த்தார்கள். அவர் சேமித்து வைத்திருந்தார்.

சாயங்காலத்துக்குள் கதை முழுமையாகிவிட்டது. என் அக்கா இருப்பது கரூரில். கார் போனதும் கரூர் பக்கம். ஆக, தாய்மாமனை வாசலில் நிற்கவைத்துவிட்டு, முதல் பத்திரிகையை நான் என் அக்காவுக்குக் கொடுத்துவிட்டேன்! அக்காவே போன் பண்ணி, "எனக்கு இன்னும் பத்திரிகையே வரலியே, யாருக்குடா குடுத்த?" என்று தனியாகச் சண்டை போட்டாள். பேக்கரியில் உட்கார்ந்து பன் சாப்பிட்டோம் என்றால் யாரும் நம்பத் தயாரில்லை. ஆதாரம் கேட்டார்கள். பேக்கரி வாசலில் வண்டியை ஆஃப் பண்ணியிருந்தேன். கேமரா தூங்கிவிட்டது. குற்றம் முழுக்க ரெக்கார்ட் ஆகியிருக்கிறது. நிரபராதியாக உட்கார்ந்திருந்த நேரம் மட்டும் இல்லை.

கோமதி அண்ணனுக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"வணக்கமுங்க. சொல்லுங்க."

அவள் அண்ணன் அவளுக்கு வணக்கம் சொல்லி நான் கேட்டதே இல்லை. 'என்ன கண்ணு' என்றுதான் எடுப்பார். எங்கள் ஊர் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இங்கே கோபம் வந்தால் மரியாதை குறையாது, ஏறும். ஒருவர் சாதாரணமாகப் போடுகிற 'ங்க'வை விட இரண்டு 'ங்க' சேர்த்துப் போட்டால், நிலைமை மோசம் என்று அர்த்தம்.

"அண்ணா, அது ராகு காலமுங்கண்ணா..."

"அப்புடிங்களா. சரிங்க. நல்லதுங்க."

"கல்யாணத்துக்கு முந்துன நாளே வந்துருங்கண்ணா."

"வாரமுங்க. எல்லாருமாட்ட வந்துட்டுப் போறமுங்க."

எல்லாருமாட்ட! கோமதி போனை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். தாய்மாமன் எல்லாரையும் போல வருவது என்றால், மொய் வைத்துவிட்டுச் சாப்பிட்டுவிட்டுப் போவது. பெண்ணின் கையைப் பிடிக்க வரமாட்டார்.

"எனக்குன்னு இருக்கறது அவரொருத்தருதானுங்க" என்று அழுதாள். கல்யாணத்துக்கு இரண்டு வாரம்தான் இருந்தது. மண்டபம், சமையல், மேளம் எல்லாம் ரெடி. கீர்த்தனா என்னிடம் கத்தவில்லை. "மைக்க ஆஃப் பண்ண ஒரு பட்டன் இருக்குப்பா" என்று மட்டும் சொன்னாள். அப்புறம், "மாமா கையப் பிடிக்காம நான் மேடை ஏற மாட்டேன்" என்றாள். சின்ன வயதில் அவளுக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அவர். எனக்கு அப்போது நேரமில்லை என்று கேள்வி.

மறுநாள் முழுக்கக் காரிலேயே உட்கார்ந்து கேமராவைக் குடைந்தேன். பேக்கரி வாசல் ஓரமாகவாவது விழுந்திருக்காதா என்று பார்த்தேன். இல்லை. ஆனால் மொபெட்டுக்கு அடுத்த கிளிப் ஒன்று இருந்தது. வெறும் ரோடு. நான் மொபெட்காரரை விடாமல் திட்டிக்கொண்டிருக்கிறேன். சத்தத்தைக் கூட்டிவைத்துக் கேட்டேன். என் குரலுக்கு அடியில் கோமதியின் குரல் இருந்தது. பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்திருந்த எனக்கு அன்று அது கேட்கவே இல்லை.

அந்த ஒரு கிளிப்புக்காக அந்தக் கேமராவுக்கு நான் கொடுத்த விலை தகும்.

புதன்கிழமை காலையிலேயே வெள்ளகோவில் கிளம்பினோம். முந்தின ராத்திரி அங்கே நல்ல மழை. களம் ஈரமாகக் கிடந்தது. பருப்பையெல்லாம் அள்ளித் தார்ப்பாய்க்குள் போட்டிருந்தார்கள். மச்சான் எங்களை உட்காரச் சொன்னார். வாங்க என்றார், உட்காருங்க என்றார், காப்பி சாப்பிடுங்க என்றார். ஒவ்வொன்றிலும் 'ங்க' கனமாக இருந்தது.

"மச்சானுங்க, ஒரு நிமிசம் இதைய மட்டும் கேட்டுருங்க" என்று போனை அவர் முன்னால் வைத்தேன்.

"போட்டதெல்லாம் போதுமுங்க."

"இது நான் போடாததுங்க."

கிளிப் ஓடியது. என் திட்டு. அதற்கு அடியில் கோமதி, யாரிடமும் சொல்லாத குரலில்: "அண்ணன் கையத் தூக்குனாரு... பாக்காத மாதிரி வந்துட்டனே... எளைச்சுப் போயிட்டாரு. சட்டை தொளதொளன்னு கெடக்குது... ஒரு வார்த்தை சொல்லலியே, என்னாச்சோ..." பிறகு மூக்கை உறிஞ்சுகிற சத்தம். பிறகு ரோட்டோரத்தில் வண்டி நின்று எல்லாம் நின்றுவிடுகிறது.

குனிகிறதுக்கு முன்னால் கண் சிமிட்டுகிற நேரம்தான் அவள் அவரைப் பார்த்திருப்பாள். அதற்குள் அண்ணன் இளைத்திருப்பதைப் பார்த்திருக்கிறாள். நான் எதிரே உட்கார்ந்து மதியச் சாப்பாடே சாப்பிட்டேன், எனக்குத் தெரியவில்லை.

மச்சான் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அது எளைப்பில்ல கண்ணு. சக்கர வந்திருக்குது. டாக்டரு சோத்தக் கொறைன்னுட்டாரு. கல்யாண வேலையில ஒன்னையக் கலவரப்படுத்தக் கூடாதுன்னுதான் சொல்லல."

கண்ணு வந்துவிட்டது. கோமதி அவர் காலடியில் உட்கார்ந்து சத்தமாகவே அழுதாள்.

கொஞ்சம் ஆறிய பிறகு அவர் என் பக்கம் திரும்பினார்.

"மாப்ள, நீங்க தாண்டிப் போனதுக்கு எனக்கு வருத்தமில்ல. நீங்க போனதுமே மணியப் பாத்தேன். ராகு காலம். செரி, அதுக்குத்தான் போறாங்கன்னு தெரிஞ்சுபோச்சு. நான் வாசல்லயே நின்னா திரும்பி வாரப்ப எம்பொறந்தவ மொகத்தக் காட்டச் சங்கடப்படுவாளேன்னு கேட்டச் சாத்திப்போட்டு உள்ள போயிட்டேன். அப்பவே மோரக் கலக்கச் சொல்லிட்டேன்."

இப்போதுதான் எனக்கு அந்தச் சாத்திய கேட் புரிந்தது.

"நான் பாத்தேன். பாக்காத மாதிரி இருந்தேன். அதோட முடிஞ்சு போச்சு. அதைய எதுக்குங்க மாப்ள படமெடுத்து ஊருக்கெல்லாம் போட்டுக் காட்டுனீங்க?"

டேஷ் கேமின் அவசியத்தை விளக்கினேன் என்றா சொல்வது?

"எனக்குச் செரியாப் போச்சுங்க. ஆனா ஊருக்கு?" என்றார். "காலைல டீ குடிக்கப் போனா, 'நான் குனிஞ்சா வண்டிய யாரு ஓட்டறது'ங்கறானுக. தாய்மாமன வாசல்ல நிக்க வெச்சுட்டுப் போனாங்கன்னு பேசறாங்க. இந்த மொகத்தோட நான் எப்புடி மேடையேறிப் புள்ள கையப் பிடிக்கறது?"

அதுதான் விஷயம். நாங்கள் மூவரும் சமாதானம் ஆகிவிட்டோம். ஒறம்பரை ஆகவில்லை.

மச்சான் எழுந்து காரிடம் போனார். கேமராவை வெளியிலிருந்து பார்த்தார். உள்ளே உட்கார்ந்து பார்த்தார். வியாபாரி அல்லவா, கேள்வி நேராக வந்தது.

"இந்தத் தேதி, மணியெல்லாம் அதுவா வருதுங்களா? நாம வெக்கறதுங்களா?"

"நாம வெச்சதுதானுங்க."

"அப்ப மாத்தலாமுங்க."

கோமதி அண்ணனைப் பார்த்தாள். நான் கோமதியைப் பார்த்தேன். நூறடி ரோடு சேல்ஸ்மேன் என் காதில் ஒருமுறை, 'கேமரா பொய் சொல்லாதுங்க' என்றார். நான் மெனுவுக்குள் போய்த் தேதியை வெள்ளிக்கிழமை ஆக்கினேன். மணி பத்து என்று வைத்தேன். கேமரா ஒரு மறுப்பும் சொல்லவில்லை.

மச்சான் கதையை வாசலிலேயே கட்டி முடித்துவிட்டார். பத்து மணிக்கே வந்து முதல் பத்திரிகை அவருக்கு வைத்தாயிற்று. பிறகு கோயிலுக்குப் போய்விட்டுக் கரூர் பக்கம் போகிற வழியில் மறுபடி அவர் வீட்டைத் தாண்டினோம். அவர் கையைத் தூக்கினார். பார்த்தால் நிறுத்தி, மதியச் சாப்பாடு போடாமல் விடமாட்டார். அதனால் கோமதி குனிந்தாள்! இதில் நம்பமுடியாதது என்ன இருக்கிறது? எங்கள் பக்கம் சாப்பாட்டுக்குப் பயந்து குனியாதவர் யார்?

படப்பிடிப்பு நடந்தது. நான் காரைக் கொஞ்சம் தள்ளிக் கொண்டுபோய், திருப்பி, கேட்டுக்கு நேராக வந்து நிறுத்த வேண்டும். மச்சான் கையைத் தூக்க வேண்டும். முதல் தடவை, கார் வருவதற்கு முன்பே தூக்கி, கை வலித்து இறக்கிவிட்டார். அடுத்த தடவை எல்லாம் சரியாக வந்தது, ஆனால் கோமதி இறங்கும்போது, "அண்ணா, இந்தத் தடவை செரிங்களா?" என்று கேட்டுவிட்டாள். அதற்கடுத்த தடவை, தட்டு, வெற்றிலை பாக்கு, அம்மா கொடுத்த சிமிழ் எல்லாவற்றோடும் இறங்கிப் போய் அண்ணன் முன்னால் நின்றாள். "மொதப் பத்திரிகை ஒங்களுக்குத்தானுங்கண்ணா" என்றாள். அதில் நடிப்பு எதுவும் இல்லை. மச்சானுக்கும் கண் கலங்கிவிட்டது. பார்த்துக்கொண்டிருந்த டிரைவருக்கும்தான்.

குரூப்பில் போட்டேன். இம்முறை சத்தத்தை முழுசாக வைத்து, நாலு தடவை பார்த்துவிட்டுப் போட்டேன்.

போட்டபிறகுதான் எனக்கே உறைத்தது. பத்தே முக்கால் கிளிப்பில் களம் காய்ந்து, பருப்பு பரப்பிக் கிடக்கிறது. பத்து மணிக் கிளிப்பில் அதே களத்தில் மழைத் தண்ணீர் தேங்கி நிற்கிறது. முக்கால் மணி நேரத்தில் களம் எப்படிக் காய்ந்தது?

மதுக்கரை சித்தப்பா டைப் செய்துகொண்டிருப்பதாகக் காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது. எனக்கு வியர்த்தது. எதையும் இரண்டு தடவை பார்க்கிறவர்...

பதில் வந்தது.

'வெள்ளகோவில் வெயில்னா வெயில்தானுங்க. ரொம்ப சந்தோசம்.'

அவ்வளவுதான். அடுத்து வரிசையாகக் கும்பிடுகிற கைகள். வாழ்த்துகள்ங்க, வாழ்த்துகள்ங்க. ஒறம்பரையில் ஒருவருக்குக்கூடவா களம் கண்ணில் படவில்லை? பட்டது. எல்லாருக்கும் பட்டது. எல்லார் வீட்டிலும் கல்யாணம் பண்ண வேண்டிய பிள்ளைகள் இருக்கிறார்கள்.

போன வாரம் கல்யாணம். மச்சான் பட்டு வேட்டியில் வந்து கீர்த்தனாவின் கையைப் பிடித்து மேடைக்குக் கூட்டிவந்தார். பட்டத்தின் முடிச்சை அவசர அவசரமாக இழுத்துக் கட்டினார். "மெதுவா கட்டுங்க மாமா, நான் எங்கயும் போகல" என்றாள் அவள். கோமதி அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தாள், மாப்பிள்ளையைக்கூடச் சரியாகப் பார்த்திருக்க மாட்டாள். நான் பந்தியில் சாம்பாரைப் பார்த்துவிட்டு ஓடி வந்து மேடை ஓரத்தில் நின்றேன்.

கீழே இறங்கி வந்த மச்சான் என் காதோடு கேட்டார்:

"ஏனுங்க மாப்ள, அந்த மொபெட்டுக்காரனுக்கு ஒண்ணும் ஆகலீங்களே?"

அந்தக் கிளிப்பில் மொபெட்டைப் பார்த்த ஒரே மனிதர்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். டேஷ் கேம் வாங்கலாமா?

வாங்கலாம். சிக்னலில் வேன் உருண்டு வந்தால் உதவும். ஆனால் மைக்கை ஆஃப் பண்ணும் பட்டன் எங்கே என்று கடையிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். தேதி மாற்றுகிற மெனுவையும் பார்த்துவையுங்கள். எதைக் குரூப்பில் போடுவதானாலும் இடது ஓரத்தை ஒருமுறை பாருங்கள். மற்றபடி, பார்த்ததைப் பார்த்தபடி சொல்ல ஒரு சாமான் கிடைத்துவிட்டது. பார்த்ததைப் பார்க்காத மாதிரி விட்டுவிடுவதற்கு இன்னும் மனுஷன்தான் வேண்டியிருக்கிறது. கேட்டைச் சாத்திவிட்டு உள்ளே போய் மோர் கலக்கச் சொல்கிற மனுஷன்.

எல்லாவற்றையும் இப்படிப் போட்டு உடைக்கிறாயே, வெள்ளகோவிலில் உன் மச்சான் இந்தப் பத்தியைப் படிக்க மாட்டாரா என்கிறீர்களா?

படிப்பார். படித்துவிட்டு, படிக்காத மாதிரி இருப்பார்.